டோராவுக்கு ஒரு வக்காலத்து

இரவல் போன புத்தகம் திரும்பி வருவதே அபூர்வம். அண்மையில் என் தோழி ஒருத்தி சார்லஸ் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலை ஒழுங்காகத் திருப்பித் தந்தாள். கூடவே ஒரு தீர்ப்பையும் தந்துவிட்டுப் போனாள். "புத்தகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டோரா செத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது" என்றாள். அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. கடல் வற்றும் நேரத்தில் வண்டிக்காரர் பார்க்கிஸ் உயிர் விடுகிறாரே, அந்த இடத்தில் அழுததாக அவளே சொன்னாள். கிழவர் ஒருவரின் சாவுக்கு அழுகிறவளுக்கு, வாழத் தொடங்கிய ஓர் இளம்பெண்ணின் சாவு நிம்மதி தருகிறது என்றால் அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது? யாரோ அதைத் திட்டமிட்டு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அந்த ஆள் டிக்கன்ஸ்தான் என்பது என் எண்ணம். அன்றிலிருந்து இது மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

டோராவைப் பற்றிப் பேசுகிற பலரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். அழகுப் பதுமை, அசடு, வீட்டுக் கணக்கு எழுதத் தெரியாதவள், நாய்க்குட்டியோடு கொஞ்சிக்கொண்டிருப்பவள். டேவிட் இளம் வயது மயக்கத்தில் அவளைக் கட்டிக்கொண்டு கஷ்டப்படுகிறான், பிறகு அவள் இறந்துபோகிறாள், அவன் மனம் பக்குவப்பட்டு, சிறுவயது முதல் பக்கத்திலேயே இருந்த ஆக்னெஸை மணக்கிறான். இளைஞன் ஒருவன் ஆளாகும் கதைக்கு இதைவிடக் கச்சிதமான வழி இருக்க முடியாது. அந்தக் கச்சிதம்தான் எனக்கு உறுத்துகிறது. நாவலைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தால், அந்த வீட்டில் முதலில் வளர்ந்தது யார் என்ற கேள்விக்கு டேவிட் என்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இறுக்கமான பூட்ஸ்

டேவிட் காதலில் விழும் பகுதி இன்று படித்தாலும் சிரிப்பை அடக்க முடியாத பகுதி. லண்டனில் டாக்டர்ஸ் காமன்ஸ் என்ற பழைய சட்ட வளாகத்தில் ஸ்பென்லோ என்பவரிடம் தொழில் பழகச் சேர்கிறான். அவர் தன் நார்வுட் வீட்டுக்கு அழைக்கிறார், மகள் டோராவை அறிமுகப்படுத்துகிறார், அவ்வளவுதான், ஆள் காலி. அவள் என்ன பேசினாள், எப்படிப்பட்டவள் என்று எதுவும் தெரியாது. மறுநாளிலிருந்து விலை உயர்ந்த வெயிஸ்ட்கோட்டுகள் வாங்குகிறான், வைக்கோல் நிறக் கையுறைகள் வாங்குகிறான், அளவுக்குச் சிறிய பூட்ஸ் போட்டுக்கொண்டு காலில் ஆணி வர நடக்கிறான். அவளுடைய நாய் ஜிப்பிடம்கூட அவனுக்குப் பொறாமை. காதலிக்கும் இளைஞனை டிக்கன்ஸ் கேலி செய்கிறார், ஆனால் அந்தக் கேலியில் துளி விஷம் இல்லை. தானே அனுபவித்தவர் எழுதியது என்பது வரிக்கு வரி தெரிகிறது.

இந்த மயக்கத்துக்கு நடுவே ஒரு சிறிய வழக்கு வருகிறது. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். டாக்டர்ஸ் காமன்ஸில் நடந்தவை திருமணம், உயில், மணமுறிவு சார்ந்த தேவாலய நீதிமன்ற வழக்குகள். ஒரு நாள் அங்கே தாமஸ் பெஞ்சமின் என்ற ஆளின் வழக்கு முடிகிறது. அவன் திருமண உரிமம் வாங்கும்போது வேண்டுமென்றே 'தாமஸ்' என்று மட்டும் எழுதியிருக்கிறான், பின்னால் ஒத்துவராமல் போனால் உதவும் என்று. ஓரிரு ஆண்டுகளில் மனைவி அலுத்துவிட்டாள். உடனே வந்து, என் பெயர் தாமஸ் பெஞ்சமின், ஆகவே எனக்குத் திருமணமே ஆகவில்லை என்கிறான். நீதிமன்றமும் ஆமாம் என்கிறது! இதில் நியாயம் இருக்கிறதா என்று டேவிட் தயங்குகிறான். உலகத்தைப் பாரப்பா, நல்லதும் கெட்டதும் கலந்துதான் இருக்கும் என்கிறார் ஸ்பென்லோ. அந்தப் பேச்சு முடியும் தறுவாயில்தான் அவர் தன் மகளின் பிறந்தநாள் பிக்னிக்குக்கு அவனை அழைக்கிறார். அலுத்துப்போன மனைவியைக் கழற்றிவிட்டவனின் கதையைக் கேட்ட காதோடு டேவிட் டோராவின் பிறந்தநாளுக்குப் பூங்கொத்து வாங்கப் போகிறான். டிக்கன்ஸ் எதையும் சும்மா வைப்பவர் அல்ல.

வெளியிலிருந்து வரும் சோதனைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். டோராவுக்குத் துணையாக ஸ்பென்லோ அமர்த்தியிருக்கும் மிஸ் மர்ட்ஸ்டன் காதல் கடிதங்களைக் கண்டுபிடிக்கிறாள். அதில் ஒரு கடிதம் ஜிப்பின் வாயிலிருந்து பிடுங்கப்பட்டது. ஸ்பென்லோ கோபப்படுகிறார். அடுத்த நாளே அவர் இறந்துபோன செய்தி வருகிறது. வாழ்நாளெல்லாம் உயில் வழக்குகளில் புழங்கியவர் உயில் எழுதி வைக்கவில்லை, சொத்தும் அவ்வளவாக இல்லை. டோரா பட்னியில் இரண்டு அத்தைமார் வீட்டுக்குப் போகிறாள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சாப்பாட்டுக்கும், வாரத்தில் இரண்டு மாலைகள் தேநீருக்கும் டேவிட் வரலாம் என்று நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள். அதற்குள் டேவிட்டை வளர்த்த பெட்ஸி அத்தையின் பணம் போய்விட்டது. அவன் சுருக்கெழுத்து கற்று நாடாளுமன்ற நிருபராகிறான், எழுதத் தொடங்குகிறான், இருபத்தொரு வயதில் திருமணம் நடந்துவிடுகிறது. பணம், குடும்பம், வில்லி என்று எல்லாத் தடைகளும் விலகுகின்றன. பல நாவல்கள் இங்கே முடிந்துவிடும். டிக்கன்ஸ் இங்கிருந்துதான் உண்மையான சோதனையைத் தொடங்குகிறார். ஒரு வீடு, அதில் இரண்டு பேர், தினமும் சமைத்தாக வேண்டும்.

திறக்காத சிப்பிகள்

நண்பன் ட்ராடில்ஸ் சாப்பிட வரும் இரவை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மேஜையைச் சுற்றி இடமே இல்லை. ஜிப் மேஜைவிரிப்பின் மேலேயே நடக்கிறது, உப்பிலும் உருக்கிய வெண்ணெயிலும் கால் வைக்கிறது. கறித்துண்டு விசித்திரமான வடிவத்தில் இருக்கிறது. ஊனமான ஆடுகளையெல்லாம் நம் கசாப்புக்காரர்தான் மொத்தமாக எடுக்கிறாரோ என்று டேவிட் யோசிக்கிறான். அடுத்து சிறிய பீப்பாய் ஒன்றில் சிப்பிகள் வருகின்றன. ரொம்ப நல்ல சிப்பி என்று கடைக்காரர் சொன்னாராம், ஆனால் இவற்றுக்கு ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறதே என்று டோரா கண்கலங்கச் சொல்கிறாள். ஒன்றும் ஆகவில்லை, ஓட்டைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். திறக்கும் கத்தியும் வீட்டில் இல்லை, இருந்தாலும் திறக்கத் தெரியாது. ஆகவே சிப்பிகளைப் பார்த்துக்கொண்டே, வெந்த மட்டும் கறியைச் சாப்பிடுகிறார்கள்.

ட்ராடில்ஸ் போன பிறகு நடப்பதுதான் எனக்கு முக்கியம். டோரா வருந்துகிறாள். எனக்குச் சொல்லித்தருவாயா, டோடி என்கிறாள். அவள் டேவிட்டுக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் அது. நானே முதலில் கற்றுக்கொள்ள வேண்டும், நானும் உன்னைப் போலத்தான் என்கிறான் அவன். நாவலில் டேவிட் சொன்ன மிக நேர்மையான வாக்கியங்களில் இது ஒன்று. பாவம், அதை அவனே மறந்துவிடுகிறான். அதன் பிறகு டோரா ஒரு வேண்டுகோள் வைக்கிறாள். என்னை உன் குழந்தை மனைவி என்று நினைத்துக்கொள். என் மீது கோபம் வரப்போகும்போது, இவள் வெறும் குழந்தை மனைவிதானே என்று உனக்குள் சொல்லிக்கொள். நான் ரொம்ப ஏமாற்றம் தரும்போது, இவள் இப்படித்தான் இருப்பாள் என்று எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிக்கொள் என்கிறாள். இதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு இது ஒரு பேச்சுவார்த்தையாகப் படுகிறது. தன்னால் எது முடியும், எது முடியாது, கணவன் எதை எதிர்பார்த்து ஏமாறப்போகிறான் என்று மூன்றையும் அறிந்த ஒருத்தி, இதற்குள் நாம் எப்படி வாழலாம் என்று வழி சொல்கிறாள். அந்த நேரத்தில் டேவிட்டிடம் அப்படி எந்த வழியும் இல்லை.

வழி சொன்ன இன்னொருவர் பெட்ஸி அத்தை. டோராவுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்களேன் என்று டேவிட் அவரிடம் போய் நிற்கிறான். தன் வீட்டு முன்புல்லில் ஏறும் கழுதைகளைத் துரத்துவதற்கென்றே பிறந்த அந்த முரட்டுக் கிழவி இதற்கு மட்டும் மறுத்துவிடுகிறார். நீயாகத் தேர்ந்தெடுத்தாய், அவளிடம் இருக்கும் குணங்களை வைத்து அவளை எடைபோடு, இல்லாதவற்றை வைத்து எடைபோடாதே, இல்லாததை வளர்க்க முடிந்தால் வளர், முடியாவிட்டால் அவை இல்லாமல் வாழப் பழகிக்கொள் என்கிறார். அதன் பிறகு டோராவை 'சின்னப் பூ' என்று கூப்பிட்டுக்கொண்டு, அவளுக்குப் பிடித்தமாதிரி நடந்துகொள்கிறார். முதல் சந்திப்பிலிருந்தே டோராவால் குழப்பம் வரும் என்று அறிந்தவரும் அவர்தான், அவளிடம் கடைசிவரை ஒரு கடுஞ்சொல் சொல்லாதவரும் அவர்தான்.

பேனா பிடிக்கும் வேலை

இனி நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம். டேவிட் இரவில் எழுதுகிறான். டோரா பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். நேரமாகிவிட்டது, நீ தூங்கப் போ என்கிறான். போகமாட்டேன் என்கிறாள். தயங்கித் தயங்கி, நான் பேனாக்களைப் பிடித்துக்கொண்டிருக்கட்டுமா என்று கேட்கிறாள். அவன் மும்முரமாக எழுதும் நேரத்தில் தனக்கும் செய்ய ஏதாவது வேண்டும் என்கிறாள். அவன் சரி என்றதும் அவள் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நினைத்து, இதை எழுதும்போதும் தனக்குக் கண்ணீர் வருவதாக டேவிட் சொல்கிறான். அன்றிலிருந்து அவன் எழுத உட்காரும்போதெல்லாம் அவள் தன் பழைய இடத்தில் ஒரு பேனாக் கட்டோடு உட்கார்ந்துகொள்கிறாள். அவளைச் சந்தோஷப்படுத்தவே அவன் அடிக்கடி புதுப் பேனா தேவைப்படுவதுபோல நடிக்கிறான். சில நாள் ஓரிரு பக்கங்களைப் பிரதியெடுத்துத் தரச் சொல்கிறான். அதற்கு டோரா செய்யும் ஏற்பாடு இருக்கிறதே! மை படாமல் இருக்கச் சமையலறையிலிருந்து ஏப்ரன் வருகிறது. எழுதி முடித்ததும் கீழே தன் கையொப்பத்தையும் போடுகிறாள், போடாவிட்டால் முழுமையாகாதாம். பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பயிற்சி நோட்டைக் காட்டுவதுபோல அவனிடம் கொண்டுவந்து நீட்டுகிறாள்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஆண் எழுத, பெண் பேனா பிடிப்பதா என்று இன்று ஒருவர் கோபப்பட்டால் அதில் தவறில்லை, எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் அந்த அறைக்குள் இருக்கும் இருவரை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்தத் திருமணம் ஓடத் தொடங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவள் தன்னால் கொடுக்க முடிந்த உதவியைக் கண்டுபிடித்துவிட்டாள். அவன் அது தனக்குத் தேவை என்று காட்டக் கற்றுக்கொண்டுவிட்டான். அத்தை சொன்னதும் இதுதான், டோரா கேட்டதும் இதுதான். பல வீடுகளில் இதைவிடக் குறைந்த ஏற்பாட்டில் நாற்பது ஆண்டுகள் ஓடுகின்றன.

ஆனால் டேவிட்டுக்குப் போதவில்லை. டோராவின் மனத்தைச் செதுக்கப் போகிறேன் என்று கிளம்புகிறான். அவள் விளையாட்டாக இருக்கும்போது இவன் முகத்தை இறுக்கிக்கொள்கிறான், தனக்குப் பிடித்த விஷயங்களைப் பற்றிப் பேசுகிறான், ஷேக்ஸ்பியரை வாசித்துக் காட்டி அவளைச் சோர்வடைய வைக்கிறான். மாதக்கணக்கில் இது நடக்கிறது. பலன், டோரா அவனைக் கண்டாலே பதறத் தொடங்குகிறாள். முடிவில் அவனே தோற்று, அவளுக்கு ஒரு ஜோடிக் காதணியும் ஜிப்புக்கு ஒரு கழுத்துப்பட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். அப்போது டோரா கேட்கிறாள், நான் சங்கடப்படுவதைவிட அசடாக இருப்பது மேல், இல்லையா என்று. நீ டோராவாகவே இருப்பதுதான் உலகத்தில் எல்லாவற்றையும்விட மேல் என்கிறான் அவன். எவ்வளவு அழகான பதில்! அடுத்த பக்கத்திலேயே மனத்துக்குள் வேறு கணக்குப் போடுகிறான். ஆனி ஸ்ட்ராங் என்ற இன்னொரு மனைவி, தன் திருமணத்தைப் பற்றிய பேச்சில், மனத்தாலும் நோக்கத்தாலும் பொருந்தாமையைப்போலத் திருமணத்தில் வேறு பேதமில்லை என்று சொல்லியிருந்தாள். தன் பக்குவப்படாத நெஞ்சின் முதல் தவறான உந்துதல் பற்றியும் சொல்லியிருந்தாள். அந்தச் சொற்களை டேவிட் பிடித்துக்கொள்கிறான். அதிலிருந்து அவன் டோராவைப் பார்ப்பதில்லை, அவளிடம் இல்லாததைத்தான் பார்க்கிறான். ஆனி அதைச் சொன்னதோ கணவனுக்கு ஆதரவாக, தான் வேறொருவனைக் கட்டியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை நினைத்து. டேவிட் அதைத் தன் மனைவிக்கு எதிராகத் திருப்பிக்கொள்கிறான்.

கொல்ல வேண்டிய டோரா

அதன் பிறகு டோராவின் உடல்நிலை சரிகிறது. ஒரு குழந்தை பிறக்காமலே போனதை டிக்கன்ஸ் பூடகமாக ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். டேவிட் தினமும் அவளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறான், நாளாக ஆகக் கைகளில் கனம் குறைகிறது. கடைசியில் டோரா பேசுகிறாள். நான் ரொம்பச் சின்னவளாக இருந்துவிட்டேன், வயதில் மட்டும் சொல்லவில்லை, அனுபவத்தில், எண்ணத்தில், எல்லாவற்றிலும். சிறுவனும் சிறுமியுமாகக் காதலித்துவிட்டு மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று தோன்றுகிறது. ஆண்டுகள் போகப் போக உனக்கு என்னிடம் அலுப்பு வந்திருக்கும், இதுவே மேல் என்கிறாள். டேவிட் இதுவரை நமக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிவந்த அத்தனையும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் பேனா பிடித்திருக்கிறாள். தன் இடத்துக்கு ஆக்னெஸ் வர வேண்டும் என்பதையும் அவளே ஆக்னெஸிடம் சொல்லிவிட்டுப் போகிறாள்.

இந்த மரணப்படுக்கைப் பேச்சை நான் மதிக்கிறேன், ஆனால் நம்பவில்லை. இவ்வளவு தெளிவு வந்தவள் வாழ வேண்டியவள். தன் கணவனை இவ்வளவு அறிந்த மனைவி எப்படி அவனுக்கு அலுத்துப்போவாள்? டோரா வாயால் இதைச் சொல்ல வைத்ததில் ஒரு வசதி இருக்கிறது. டேவிட் யாரையும் கைவிட வேண்டியதில்லை, பெயரில் பாதியை மறைத்த தாமஸ் பெஞ்சமின்போலக் கீழிறங்க வேண்டியதில்லை. மனைவியே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறாள்.

டிக்கன்ஸுக்கே இது சுலபமாக வந்த முடிவு இல்லை. நாவல் 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதத் தொடராக வந்தது. 1850 மே மாதத்தில்கூட, டோராவைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை, இன்றைக்குச் செய்தாக வேண்டும் என்று நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு எழுதுகிறார். அந்த ஆகஸ்ட் 16ஆம் தேதி அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு டோரா என்று பெயர் வைத்தார். சில நாட்களில் மனைவி கேத்தரினுக்கு எழுதிய கடிதத்தில், இன்னும் டோராவைக் கொல்ல வேண்டியிருக்கிறது, நாவலில் வரும் டோராவைச் சொல்கிறேன் என்று விளக்கம் வேறு கொடுக்கிறார். அந்தக் குழந்தை அடுத்த ஏப்ரலில் இறந்துவிட்டது.

1855இல் அவர் ஃபார்ஸ்டருக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில், பாவம் டேவிட்டுக்கு வந்ததுபோலவே, வாழ்க்கையில் ஏதோ ஒரு மகிழ்ச்சியைத் தவறவிட்டேன், ஒரு துணையைப் பெறாமலே போனேன் என்ற உணர்வு தன்னை நசுக்குவதாகச் சொல்கிறார். அப்போது அவருக்குப் பத்துக் குழந்தைகள் பிறந்திருந்தன. 1857இல் மணமுறிவுச் சட்டம் வந்து, அடுத்த ஆண்டு திருமண, உயில் வழக்குகளில் டாக்டர்ஸ் காமன்ஸுக்கு இருந்த பழைய அதிகாரம் புதிய நீதிமன்றங்களுக்குப் போனது. அதே 1858இல் டிக்கன்ஸ் நீதிமன்றம் பக்கம் போகாமல், ஆண்டுக்கு 600 பவுண்டு என்று பத்திரம் எழுதி கேத்தரினைப் பிரிந்தார். நாவலில் மரணம் செய்து கொடுத்த வேலையை வாழ்க்கையில் வழக்கறிஞர்கள் செய்தார்கள். கேத்தரின் டோரா இல்லை, இரண்டையும் ஒன்றோடொன்று போட்டுக் குழப்ப விரும்பவில்லை. ஆனால் பொருந்தாத மனைவியோடு வாழப் பழகிக்கொள் என்ற பெட்ஸி அத்தையின் பேச்சை எழுதிய கைதான் இதற்கும் கையெழுத்துப் போட்டது என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

நாவலுக்குள்ளேயே அவர் வேறுவிதமாகவும் எழுதியிருக்கிறார். ட்ராடில்ஸைப் பாருங்கள். டெவன்ஷயரில் பத்துச் சகோதரிகளில் ஒருத்தியான சோஃபியைக் காதலித்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறான். வருங்காலக் குடித்தனத்துக்கு என்று அவன் முதலில் வாங்கி வைப்பது ஒரு பூந்தொட்டியும், பளிங்கு மேல்தட்டு வைத்த ஒரு சின்ன வட்ட மேஜையும். பிறகு வழக்கறிஞர் அறையிலேயே மனைவியையும் அவளுடைய சகோதரிகளையும் அடைத்துக்கொண்டு சிரித்தபடி வாழ்கிறான். சோஃபிக்குச் சமையலும் தெரியும், பொறுமையும் உண்டு என்பதால் இது நியாயமான ஒப்பீடு இல்லை என்பீர்கள். இருக்கலாம். ஆனால் சோஃபி வேறு எப்படி இருந்திருந்தாலும் ட்ராடில்ஸ் ஷேக்ஸ்பியரைத் தூக்கிக்கொண்டு அவள் மனத்தைச் செதுக்கப் போயிருக்கமாட்டான். சிப்பி திறக்காத அன்றும் பச்சைக் கறியைத் தின்று தீர்க்கத் தயாராக இருந்தவன் அவன்தான்.

டோராவுக்குப் பின்னால் ஒரு நிஜப் பெண் உண்டு என்பதைப் பலரும் அறிவார்கள். 1830இல் பதினெட்டு வயது டிக்கன்ஸ் வங்கி அதிகாரி ஒருவரின் மகளான மரியா பீட்னெல்லைக் காதலித்தார். டாக்டர்ஸ் காமன்ஸில் சுருக்கெழுத்து எடுத்துப் பிழைத்த காலம் அது. 1833இல் அது முடிந்துபோனது. 1855இல், வேறொருவரின் மனைவியாக, மரியா அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். டிக்கன்ஸ் மீண்டும் இளைஞராகிவிட்டார். டோராவில் உன் சாயலைப் பார்த்திருப்பாய் என்றெல்லாம் பொங்கிப் பொங்கி எழுதினார். நான் பருத்துவிட்டேன், கிழவியாகிவிட்டேன் என்று மரியா முன்கூட்டியே எச்சரித்தும் கேட்கவில்லை. நேரில் பார்த்தார், கடிதங்களின் சூடு தணிந்தது. அதே ஆண்டு தொடங்கிய 'லிட்டில் டோரிட்' நாவலில் ஃப்ளோரா ஃபின்சிங் என்ற பெண்ணாக மரியாவை வைத்துச் சிரித்தார். மூச்சு விடாமல், முற்றுப்புள்ளி இல்லாமல் பேசுகிற, பருத்துவிட்ட பழைய காதலி.

டோரா நாற்பது வயதுவரை வாழ்ந்திருந்தால் எப்படி இருந்திருப்பாள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஃப்ளோராவைப் படிக்க வேண்டும். டிக்கன்ஸ் அவளைக் கேலி செய்யத்தான் தொடங்கினார், ஆனால் எழுத எழுத அவள் அவர் கையை மீறிவிடுகிறாள். அந்த நாவலின் நாயகியான சின்ன டோரிட்டை இரக்கத்தோடு நடத்துபவர்களில் அவளும் ஒருத்தி. பல ஆண்டுகளுக்குப் பிறகு பழைய காதலன் ஆர்தர் கிளென்னம் அவளைப் பார்க்க வருகிறான். அவன் முகம் விழுந்ததை அத்தனை சளசளப்புக்கு நடுவிலும் அவள் கவனித்துவிடுகிறாள். நீங்கள் எதிர்பார்த்தவள் நான் இல்லை, அது எனக்கு நன்றாகவே தெரியும் என்கிறாள். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறாள்.